கவிதா பேரு ftpjh ஆன கதை

சிடி டிரைவ் கொர்ர்ர்னு சுத்துற சத்தம் இன்னும் காதுல இருக்கு...

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சலீம் பாயோட டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகைதான் மெயின் வேலை. நான் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்கு முன்னாடி எதிர் வரிசையில இருந்த போட்டி டிடிபி கடையில வேலை பாத்தவ. அதனாலயே பாய்க்கு என் மேல ஒரு சந்தேகக் கண்ணு. டீ குடிக்கப் போனாக்கூட எந்தப் பக்கம் திரும்புறேன்னு எட்டிப் பாப்பாரு.

ஒருநாள் சர்வீஸ்காரர் வந்து, இருந்த ரெண்டு சிஸ்டத்துல ஒண்ணுல விண்டோஸை எடுத்துட்டு, சிடியில இருந்து லினக்ஸ் போட்டாரு. "ஃப்ரீ பாய், வைரஸே வராது."

எனக்கு அப்பவே பிடிக்கல. சும்மா எவனாவது குடுப்பானா?

அவரு போனதும் இண்டூர்ல இருந்து ஒரு கல்யாணப் பொண்ணோட அப்பா ப்ரூஃப் பாக்க வந்துட்டாரு. நான் அடிச்சு வச்ச பத்திரிகையை ஃப்ளாப்பியில இருந்து லினக்ஸ் போட்ட சிஸ்டத்துல ஓபன் பண்ணேன்.

jpUkz miog;gpjo;

பொண்ணு பேரு கவிதான்னு இருக்க வேண்டிய எடத்துல ftpjh.

"என்னாம்மா பண்ணி வச்சிருக்க? அந்தக் கடைக்காரன் சொல்லி வைரஸ் கிரஸ் ஏத்திட்டியா?"ன்னு பாய் கத்தினாரு.

இந்த வேலை போனா வூட்டுல அடுத்த வேலை தேட விடமாட்டாங்க. மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவாங்க.

"இல்லீங்க பாய், இதுல நம்ம தமிழ் எழுத்து ஃபான்ட் இல்ல, அதான் இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுது, அவ்ளோதான். இது தமிழ்தான். நான் படிக்கிறேன் பாருங்க, மொத வரி 'திருமண அழைப்பிதழ்'."

தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணவ நான். f அடிச்சா க, t அடிச்சா வ... விரலுக்கு மனப்பாடம். KUfd; வரைக்கும் கடகடன்னு படிச்சேன். "தாய்மாமன் முருகன்."

"அட ஆமாங்க, என் மச்சான் பேருதான்!"ன்னாரு பொண்ணோட அப்பா.

பாய் முகம் இன்னும் இறுகிடுச்சு. "யாருக்கும் புரியாதது உனக்கு மட்டும் எப்படிம்மா புரியுது? அப்ப இந்த வைரஸை நீதான எழுதியிருக்க!"

அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு எனக்கு.

விண்டோஸ் இருந்த இன்னொரு சிஸ்டத்துல இருந்து ஃபான்ட்டை ஃப்ளாப்பியில காப்பி பண்ணி, லினக்ஸ்ல எங்க போடணும்னு தெரியாம நாலு எடத்துல போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு க்ளிக்கையும் பாத்துக்கிட்டு பாய் பின்னாடியே நின்னாரு. ஒருவழியா திரையில கவிதா வந்தா.

பாய் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மறுநாளும் எட்டித்தான் பாத்தாரு. மூணு மாசம் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குக் கிளம்பும்போது, "கடையைப் பாத்துக்கம்மா"ன்னு சாவியைக் கையில குடுத்துட்டுப் போனாரு. அன்னைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் முதல் சம்பளத்துலகூட இல்லீங்க.

இப்போ எந்த போன்ல இருந்து எந்த போனுக்கு அனுப்பினாலும் தமிழ் தமிழாவே போய்ச் சேருது. நல்லதுதான்.

போன வாரம் பத்திரிகை டிசைன் பண்ற ஆப் ஒண்ணு போட்டேன். போட்டோ, காண்டாக்ட்ஸ், மைக்குன்னு எல்லாத்துக்கும் அனுமதி கேட்டுச்சு. யாரு செஞ்சது, எந்த ஊருக்காரன்... ஒண்ணும் தெரியாது. ஓகே, ஓகே, ஓகேன்னு அழுத்திட்டேன்.

என்னை நம்ப பாய்க்கு அத்தனை நாள் புடிச்சுது... இத்தனைக்கும் நான் தினமும் அவரு கண்ணு முன்னாடியே உக்காந்திருந்தவ.