செடியக்காவுக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள்

நான் சாமி முன்னால் முட்டி போட்டதைவிட என் வீட்டுக்காரர் சாக்கடை முன்னால் முட்டி போட்டது அதிகம். குழாய் வேலை அப்படி. வாய் அதிகம் கிடையாது. சாப்பிடும்போதுகூட எதிரில் இருக்கிற குழாய் சொட்டுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊர் மேட்டின் மேல் இருக்கிறது, கீழே கடல். மேடு பாறை இல்லை, வெறும் மண். ஒவ்வொரு மழைக்கும் விளிம்பில் கொஞ்சம் சரிந்து விழும். ஓர வரிசை வீட்டுக்காரர்கள் குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் பின்பக்கம் கடலைப் பார்த்தே விட்டிருந்தார்கள். கடலுக்குத்தானே போகிறது என்ற நினைப்பு. அது கடலுக்குப் போகவில்லை, மேட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நகராட்சி அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியரம்மா டீயில் ஒரு ரஸ்க்கை முக்கித் தூக்கிக் காட்டினார். "இதான் உங்க மேடு. கடல் அடியில தின்னுது, நாம மேலேருந்து ஊற வெச்சுக் குடுக்குறோம்" என்றார்.

எல்லா வீட்டுக் கழிவுநீரையும் தெருப் பக்கம் திருப்புகிற வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. சரிவை யாராலும் நிறுத்த முடியாது. ஓர வரிசை ஜனங்கள் ஊருக்கு உள்ளே இடம் பார்த்துப் போகிறவரைக்குமாவது மேடு தாங்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் சம்மதித்தார்கள், கடைசி வீட்டைத் தவிர. கடைசி வீடு அவருடைய அக்கா வீடு.

என் நாத்தனாரைத் தெருவில் செடியக்கா என்பார்கள், நான் அண்ணி என்பேன். புருஷன் போன பிறகு தனியாக இருந்தார். பின்முற்றம் முதல் தடவை சரிந்தபோது, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று விளிம்பு நெடுகப் பூச்செடி நட்டார். அன்றுமுதல் காலையும் மாலையும் ஓஸ் பைப்போடு நிற்பார். நானாவது காய்ச்சல் வந்தால் பிரார்த்தனையை விடுவேன், அண்ணி தண்ணீர் ஊற்றுவதை விட்டதில்லை. மேலே செடி தளதளவென்று நின்றது. அடியில் மண் கொழகொழவென்று ஆகிவிட்டது.

"அக்கா, செடி இருக்கட்டும். தண்ணி மட்டும் வேணாம். மழைக்குப் பொழைக்கிறது பொழைக்கட்டும்" என்றார் இவர்.

"டீயில ரஸ்க்க முக்குனவ சொன்னா, நான் வளத்த செடிய நானே கொல்லணுமா?"

"அப்ப எங்க வீட்டுக்காவது வந்துரு. ரூம் காலியாத்தான கெடக்கு."

"உன் ரூம்ல ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டு மதிலு. மதிலப் பாத்துக்கிட்டே சாகச் சொல்றியா?"

அண்ணி வீட்டுக்குப் போகிற குழாய் விளிம்புக்குள் புதைந்து கிடந்தது, வழியெல்லாம் கசிவு. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் அதை அடைத்துவிட்டு அக்கா வாசலில் ஒரு டிரம் வைத்தார். சாயங்காலம் வேலை முடிந்து, தானே குடம் குடமாகச் சுமந்து நிரப்பிவிட்டு வருவார். அண்ணி அந்த டிரம்மை முழுக்கச் செடிக்கு ஊற்றிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "குடிக்கத் தண்ணி குடும்மா."

குடிக்க என்று கேட்டால் யார் இல்லையென்பார்கள்? எல்லோரும் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவிகூடக் கொடுத்தாள். அவள் வீட்டுச் சுவரில்தான் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல், அந்தச் சுவரை ஒட்டித்தான் கைக்குழந்தையின் தொட்டில்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறினார். சொந்த அக்காவுக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று கேட்கப் போகிற மனுஷனின் முகம் எப்படி இருக்கும்? நானும் கூடப் போனேன், அதனால் தெரியும்.

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்கண்ணே" என்றாள் தையல்காரர் மனைவி. "குடத்தோட வந்து நிக்கிறவங்கள எப்படி வெறுங்கையா அனுப்புறது? அந்தப் பாவம் யாருக்கு?"

"எனக்கு. என் கணக்குல எழுதிக்கம்மா."

திரும்பி வரும்போது வழியில் என்னிடம், "நீ சாமிகிட்ட கொஞ்சம் சொல்லி வை" என்றார். சிரிக்கவில்லை. நான் அன்று சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே எனக்கு என்ன கேட்பது என்று தெரியாமல் போயிற்று.

மற்ற வீடுகள் கதவைச் சாத்தியதும் அண்ணி எங்கள் வாசலுக்கு வந்தார். என்னைத்தான் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் எழுந்து குடத்தை வாங்கி நிரப்பினார், தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம். கடைசி வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையைத் தாண்டி, பின்முற்றத்தில் யாரும் ஓரத்துக்குப் போகாதபடி அலுவலகத்தார் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கயிற்றைத் தாண்டிப் போய்ச் செடிகளின் அடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று.

"ஊத்துக்கா. என் தலையோட ஊத்து."

"எந்திரிடா!"

"ஊத்து."

"டேய், வெளையாடாத. அங்க உக்காராதடா, மண்ணு விட்ரும்டா!"

"விட்ருமாக்கா?"

இவர் காலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி மண் கழன்று கீழே போனது. விழுந்த சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அண்ணி கயிற்றுக்கு மேலே கையை நீட்டி இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். நான் அண்ணியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக் கயிறிழுக்கிற போட்டி மாதிரி மூன்று பேரும் சமையலறை வாசலில் வந்து விழுந்தோம்.

"கழுத! கழுதக்குப் பொறந்த கழுத!" என்று இவர் முதுகில் அடித்தார் அண்ணி.

"உன் அப்பாதான எனக்கும் அப்பா" என்றார் இவர்.

அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து ஒரு டம்ளர் எடுத்து, குடத்திலிருந்து மொண்டு இவருக்குக் கொடுத்தார், தானும் குடித்தார். "காஞ்சிரும்டா எல்லாம்" என்றார்.

"செலது காயும்க்கா."

அந்த வாரமே பெட்டியும் பாயுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓரத்துச் செடி பாதி காய்ந்துவிட்டது. தையல்காரர் குடும்பத்துக்கு இன்னும் உள்ளே இடம் கிடைக்கவில்லை, சுவர் இதுவரை நிற்கிறது. அண்ணி தினமும் வெறுங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவர் அடுத்த வீட்டுச் சாக்கடையைத் திருப்பிவிட்டு அலுத்துப்போய் வந்து சுவரில் சாய்ந்தால், அண்ணி என்னிடம்தான் கேட்கிறார்: "அவன் சாப்ட்டானா?"