ரொசேரின் படத்துக்குக் கீழே

உங்கள் சட்டைக்குப் பஞ்சு சிக்கெடுத்தவன் எப்படிச் செத்தான் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? ஹார்ட்வெல் பஞ்சு மில்லை ஒட்டிய, பிழைக்க வந்த பிரெஞ்சுக் கனடியர்களின் தெருவில் அப்படிக் கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. வீட்டுக்கு ஒருவராவது இருமிச் செத்திருந்தார்கள்.

லூமினா பாவாடைப் பருவத்திலேயே தறி அறைக்குள் போனவள். தலை நரைக்கும்வரை அங்கேயே நின்றாள். காது போயிற்று. அந்த இரைச்சலில் காது இருந்தும் பயனில்லை. பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். நாலு தறிக்கு அப்பால் ஒருத்தி மேஸ்திரியைத் திட்டினால் இங்கே ஒருத்தி சிரிப்பாள். நடுவில் நிற்கும் மேஸ்திரிக்கு மட்டும் ஒன்றும் புரியாது. பிரெஞ்சோ இங்கிலீஷோ, உதடு அசைந்தால் லூமினாவுக்குப் போதும்.

அவள் கணவன் ரொசேருக்குக் கார்டிங் அறையில் வேலை. பஞ்சு சிக்கெடுக்கும் இயந்திரங்களுக்கு நடுவே பனி போலத் தூசி பறக்கும். சனிக்கிழமை அவன் மவுத் ஆர்கனை எடுத்தால் மூன்று மாடிக்காரர்களும் இறங்கி வந்து ஆடுவார்கள். ஐம்பதைத் தொட்டபோது ஒரு பாட்டை ஊதி முடிக்க அவனுக்கு மூச்சு போதவில்லை. பிறகு படி ஏற முடியவில்லை. மில் டாக்டர் சிகரெட் என்றார். ரொசேர் சிகரெட்டைத் தொட்டவனே இல்லை. பாதிரியார் ஆண்டவன் சித்தம் என்றார்.

"அந்தச் சித்தம் கார்டிங் ரூம்காரங்களை மட்டும் எப்படி சாமி தேடிப் பிடிக்குது? மொதலாளி இருக்கற மேட்டுத் தெருவுக்கு ஒரு தடவகூட ஏறலையே, அதுக்கும் மூச்சு வாங்குதா?" என்று லூமினா கேட்டாள். ரொசேரைப் புதைத்த பிறகு பாதிரியார் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

மில் மூடிக் கிடந்தது, புறாக்கள் அடைந்தன. பிறகு அதை அருங்காட்சியகம் போல ஒரு வரலாற்றுப் பூங்கா ஆக்கினார்கள். பழைய தொழிலாளர்களின் கதையைப் பதிவு செய்யப் பூங்காவிலிருந்து ஒரு பெண் டேப் ரெக்கார்டரோடு வந்தாள். லூமினா எல்லாவற்றையும் சொல்லி, சுவரில் இருந்த ரொசேரின் ஒரே நல்ல படத்தையும் கழற்றிக் கொடுத்தாள்.

"பஞ்சுத் தூசிதான் இவரைக் கொன்னுதுன்னு கீழ எழுதணும். எழுதுவியா?"

"கண்டிப்பா எழுதுவோம் மேடம்."

திறப்பு நாளில் பழைய தொழிலாளர்களுக்கு முன்வரிசை. கூட வேலை பார்த்த ஒதிலோடு லூமினா போனாள்.

"தரையப் பாருடி, சோத்தக் கொட்டித் திங்கலாம்," என்றாள் ஒதில். "நம்ம காலத்துல எலிகூட மூக்கப் பொத்திட்டு ஓடும்."

வாசலில் நின்ற சீருடைப் பெண் காதை அடைத்துக்கொள்ள ரப்பர் தக்கைகளை நீட்டினாள்.

"இப்பக் குடுக்கறியா கண்ணு?" என்றாள் லூமினா. "கொஞ்சம் லேட்டு."

உள்ளே ரொசேரின் படம் பளபளவென்று தொங்கியது. கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: 'ரொசேர் பெல்மூர், கார்டிங் அறைத் தொழிலாளி. தன் மவுத் ஆர்கன் இசையால் தெருவையே மகிழ்வித்தவர்.' தூசி இல்லை, இருமல் இல்லை. அவன் செத்தான் என்பதே இல்லை. எந்த மூச்சை மில் பிடுங்கிக்கொண்டதோ, அதே மூச்சுக்கு மில் பாராட்டுப் பத்திரம் எழுதியிருந்தது!

பூங்கா நிர்வாகி பென்ட்லியைத் தேடிப் பிடித்து அவள் கேட்டாள்.

"அச்சகத்துல விட்டுப் போச்சும்மா. அடுத்த மாசம் மாத்திடறோம்."

அவள் நம்பினாள். அதுதான் அவள் செய்த ஒரே முட்டாள்தனம்.

விருந்தினர்களுக்காக மூன்று தறிகளை ஓடவிட்டார்கள். அந்த இரைச்சலில் அறையின் எதிர்மூலையில் பென்ட்லியும், கூரை போடப் பணம் கொடுத்த விட்காமும் வாயை அகலத் திறந்து கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மில் முதலாளியின் பேரன்தான் விட்காம். பழக்கதோஷம், லூமினாவின் கண் அவர்கள் உதட்டுக்குப் போயிற்று.

"அந்தத் தூசி சமாச்சாரத்த எடுத்துட்டீங்கல்ல?"

"எடுத்தாச்சு சார். கெழவி வந்து கேட்டா. அடுத்த மாசம்னு சொல்லிருக்கேன்."

"அடுத்த மாசமும் வந்து நின்னா?"

"இன்னும் எத்தன மாசம் வந்துடப் போறா?"

இருவரும் சிரித்தார்கள்.

லூமினா தறிகளைச் சுற்றிக் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், மூன்று தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். அறை அடங்கியது. அவர்கள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல், காது கேளாதவளின் உரத்த குரலில் திருப்பிச் சொன்னாள்.

பென்ட்லியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தான். "பாவம், இவங்களுக்குக் காது கேக்காது. ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"நானும் பாத்தேன்டா, புளுகுமூட்ட!" என்று ஒதில் எழுந்தாள். அவளும் செவிடுதான். கூட்டம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து 'உச்' கொட்டியது.

"என் புருஷன் படத்தக் குடு," என்றாள் லூமினா.

"குடுத்துட்டா அது பூங்கா சொத்தும்மா," என்றான் பென்ட்லி.

காவலாளி அவள் கையைப் பதமாகப் பிடித்து வாசல்வரை கொண்டுவிட்டான். மறுநாள் செய்தித்தாளில், பழைய தறியைக் கண்டு நெகிழ்ந்த மூதாட்டி என்று அவள் படம் வந்தது.

அடுத்த மாதம் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். குளிர்காலத்தில் செத்துப்போனாள். பென்ட்லியின் கணக்கு தப்பவில்லை. படம் இன்னும் அங்கே தொங்குகிறது, அதே வரிகளோடு.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், அந்தப் படத்துக்கு முன்னால் நில்லுங்கள். இந்த மனிதனைப் பஞ்சுத் தூசி கொன்றது என்று பக்கத்தில் நிற்பவரிடம் உரக்கச் சொல்லுங்கள். பிறகு நிர்வாகியைக் கூப்பிட்டு, ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள். அடுத்த மாதம் என்பார். அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள்.