பூ வைக்க வந்த வீட்டில் பச்சைக் கோஸ்

“...அது கெடக்கட்டும், எள்ளை எதுக்குத் தாயி கையால எறச்ச?” என்று ராமலட்சுமி கேட்டபோது, நடுவில் இருந்த தாம்பாளத்தைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் கையும் நீளவில்லை. கேட்டவர் மாப்பிள்ளையின் அம்மா. பதில் சொல்ல வேண்டியவள் மாரிச்செல்வி. பெண் பிடித்திருந்தால் அன்றைக்கே தலையில் பூ வைத்து உறுதி செய்வதாகப் பேச்சு. இல்லையென்றால் பூ வந்த பையிலேயே திரும்பிப் போகும். எள்ளை விரலால் இறைப்பதோ நம் பக்கம் செத்தவர்களுக்குச் செய்கிற காரியம். எட்டயபுரத்தில் அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைப் புறப்பட்ட இடத்திலிருந்தே சொல்கிறேன்.

காலை ஏழு மணி, மதுரை மாட்டுத்தாவணி. என் கட்டைப் பையில் இரண்டு ஊதா கோஸ், ஒரு பாட்டில் சோயா சாஸ், ஒரு பொட்டலம் வெள்ளை எள். மாரிச்செல்வி மதுரையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தபோது எங்கள் மாடி அறையில்தான் குடியிருந்தாள். கோஸை மயிரிழையாக நறுக்கி, கடலையும் எள்ளும் போட்டு, ஒரே தட்டில் எல்லாரும் கை வைத்துத் தின்கிற பழக்கத்தை எங்கள் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தவள் அவள். முந்தின நாள் போன் செய்தாள்.

“அத்தை, மாப்பிள்ளையோட அப்பாவுக்குச் சுகர். கேசரி பஜ்ஜி எதையும் தொட மாட்டாகளாம். எல்லாரும் திங்க, அவுக மட்டும் வெறுங்கையா இருந்தா எப்படி? நம்ம மொட்டமாடி சாலட் பண்ணுதேன். ஊதா கோஸ் இங்கன கெடைக்காது, வாங்கிட்டு வாங்க.”

அப்பா இல்லாத பிள்ளை. மறுக்க மனம் வரவில்லை.

திருமங்கலம் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரருக்கு என் பை மேல் கண் விழுந்தது. சாத்தூரில் மிளகாய் வியாபாரமாம்.

“சாயம் ஏத்துனதோ?”

“இல்லைங்க, விளையறதே இந்த நிறம்தான்.”

“வெளையுதுன்னு சொல்லி ஒங்க தலையில கட்டிட்டான்.” நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். பிறகு தன் துணிப்பையை என் பையை விட்டு நகர்த்தி வைத்தார். சாத்தூரில் இறங்கிய பிறகும் ஜன்னல் வழியாகக் கோஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், என்னை அல்ல.

பத்து மணி வாக்கில் கோவில்பட்டி. வெயில் தார் ரோட்டில் ஏறி நின்றுவிட்டது. மாரி சொன்னபடி வறுத்த கடலையும் காரச்சேவும் வாங்க ஒரு கடைக்குப் போனேன். மாடியில் அவள் நூடுல்ஸைப் பொரித்து நொறுக்கிப் போடுவாள். ஊரில் அதற்குப் பதில் சேவு. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பச்சைக் கோஸ் மேல சேவா? சேவு என்னம்மா பாவம் பண்ணுச்சு?”

“ஆசிய நாட்டுப் பக்குவமாம், அண்ணாச்சி.”

நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்: “அப்போ நாம எங்கன இருக்கோம்?”

பொட்டலத்தைக் கட்டும்போது இன்னொரு பிடி சேவு போட்டார். “இதைத் தனியா வச்சுக்கோங்க. அது வெளங்கலைன்னா இதையாவது திங்கலாம்.”

அங்கிருந்து எட்டயபுரத்துக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் நடத்துநர் பை அருகில் நின்றார். “ஒங்களுக்கு ஃப்ரீ. உள்ள இருக்கது பொம்பளையா ஆம்பளையா?” பஸ்ஸே சிரித்தது. கோஸை மடியில் தூக்கி வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் முன்னால் போனார். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்காக வாயைப் பிளந்து கிடந்தது. தூரத்துக் காற்றாலைகள் மட்டும் நிற்காமல் சுற்றின.

வாசலில் மாரியின் அம்மா செல்வராணி நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை. “வரும்போது யாரும் பாத்தாகளா?” என்றாள்.

“ஏன்?”

“சமைக்க ஆள் எறக்கிருக்கோம்னு எப்போதும்வென்றானுக்குப் போன் போயிரும். பொண்ணுக்கு அடுப்படி தெரியாதுன்னு அங்கன ஏற்கெனவே ஒரு பேச்சு.”

மாப்பிள்ளை வீட்டார் ஊர் எப்போதும்வென்றான். அந்தப் பேரே செல்வராணிக்குப் பிடிக்கவில்லை. “பேரப் பாரு. அந்த ஊர்க்காரிட்ட நாம எப்படி ஜெயிக்க?”

அதனால் நான் கத்தியைத் தொடவே இல்லை. மாரியே அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். பச்சைக் கோஸ் ஒன்று, ஊதா இரண்டு. நறுக்கியதை மண்பானைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, துணியில் ஈரம் போக உதறினாள். அப்போதுதான் இழை விறைக்கும். இஞ்சிச் சாறு, எலுமிச்சை, சோயா சாஸ், நல்லெண்ணெய் கலந்து ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தாள். “முன்னாடியே ஊத்தினா தொவண்டு போயிரும் அத்தை. அவிய கண்ணு முன்னாலதான் கலக்கணும்.” அந்த முடிவில்தான் வினை இருந்தது.

மாலை நான்கு மணிக்கு ராமலட்சுமியும் அவர் கணவரும் வந்து இறங்கினார்கள். அம்மாள் செருப்பைக் கழற்றும் முன்பே என்னைப் பார்த்துவிட்டார்.

“இவிய யாரு?”

“மாரி மதுரையில குடியிருந்த வீட்டுக்காரவுக, மதினி,” என்றாள் செல்வராணி.

“சமையலுக்கு வந்தாகளோ?”

“விருந்தாளி, மதினி.”

“ஓகோ.” என் விரல்களைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. மாரி தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண் வரை ஊதா ஏறியிருந்தது. பிறகு தண்ணீரைக் குடித்தார். செல்வராணி என்னைப் பார்த்து மூச்சை விட்டாள்.

தாம்பாளம் வந்தது. ராமலட்சுமி எட்டிப் பார்த்தார்.

“வேக வைக்கலையா?”

“இல்லை அத்தை, பச்சையாத்தான்.”

“நாம பச்சையாவே தின்னுட்டா மாட்டுக்கு என்னத்தப் போட?”

அவர் கணவர் கோஸைப் பார்த்துவிட்டு உற்சாகமாக, “சுகருக்கு நல்லதுன்னு டாக்டரே...” என்று கையை நீட்டினார்.

“இருங்க,” என்றார் மனைவி. கை திரும்பிப் போய் மடியில் உட்கார்ந்தது.

மாரி கிண்ணத்தைக் கவிழ்த்துக் கிளறினாள். எலுமிச்சை பட்டதும் ஊதா கலைந்து ரோஸ் நிறமானது. “சாயம் எறங்குதே!” என்றார் ராமலட்சுமி. சாத்தூர்க்காரர் நினைவு வந்து எனக்கு முகம் வேர்த்தது. “புளிப்பு பட்டா அப்படித்தான் மாறும் அத்தை,” என்று மாரி நிதானமாகச் சொல்லி, கடலையைத் தூவினாள், சேவை நொறுக்கினாள், கடைசியாக வெள்ளை எள்ளை மூன்று விரலால் அள்ளி வட்டமாக இறைத்தாள். எங்கள் மாடியில் எத்தனை முறை அப்படிச் செய்திருப்பாள்! அது செத்தவர்களுக்கு இறைக்கிற மாதிரி இருக்கிறதென்று ஒரு தடவையும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது விழுந்ததுதான் அந்தக் கேள்வி.

செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள். மாரி குனியவில்லை. “வாசத்துக்குத்தான் அத்தை. வெள்ளை எள்ளு. நாம எள்ளுருண்டை திங்கோம்லா?”

“உருண்டை உருட்டுனது. இது எறச்சது.”

“ரெண்டும் ஒரே எள்ளுதான?”

“எள்ளு ஒண்ணுதான் தாயி. கை வேற.”

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. எள்ளை மதுரையிலிருந்து சுமந்து வந்தவள் நான். பூ இருந்த மஞ்சள் பை ராமலட்சுமியின் முழங்காலை ஒட்டி இருந்தது. அவர் அதை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வந்தவர்கள் திரும்பிப் போகிற பஸ்ஸாக இருக்குமோ என்று நினைத்தேன்.

ராமலட்சுமி வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டார். தாம்பாளத்தைத் தன் முன்னால் இழுத்தார். ஐந்து விரலையும் உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு, எள் எங்கே என்று தெரியாமல் போகும்வரை பிசையத் தொடங்கினார்.

“அத்தை, மெதுவா,” என்றாள் மாரி, அந்த நேரத்திலும். “அமுக்கினா மொறுமொறுப்புப் போயிரும்.”

செல்வராணி கண்ணை மூடிக்கொண்டாள். ராமலட்சுமி மாரியை ஒருமுறை பார்த்தார். கையைத் தளர்த்திக்கொண்டார். ஒரு பிடி அள்ளி, உருட்ட முடியாததை உள்ளங்கையில் குவித்து அழுத்தி, மாரியின் கையில் வைத்தார். அவள் மெல்லுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவருக்கு ஒரு பிடி, செல்வராணிக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி. எல்லாரும் தின்று முடித்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு தன் வாயில் போட்டார். மென்றுகொண்டே எழுந்து போய்க் கை கழுவி வந்தார், மஞ்சள் பையிலிருந்து பூவை எடுத்தார், மாரிச்செல்வியின் தலையைத் தன் பக்கம் திருப்பினார்.