பதினோராம் மாதத்துச் சாவி

எங்கள் அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் தாராவி அக்கம்பக்கத்தாருக்கும் என் வணக்கம். இதை எழுதலாமா, கூடாதா என்று இரண்டு முறை தாளைக் கிழித்துவிட்டேன்.

அம்மா நாங்குநேரிப் பக்கம் பிறந்தவர். திருமணமாகிப் பம்பாய் வந்தார். தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா காலமானபோது எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஓர் அறை. அதில் இட்லி அவித்து விற்றே அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். எண்பத்து மூன்றில், என் திருமணம் முடிந்த பிறகு, தம் சங்கிலியை விற்று எதிர் அறையை வாங்கினார்.

"எனக்குக் கை ஓஞ்சிரும். ரூம் ஓயாதுல்லா?" என்றார்.

அறையை வாடகைக்கு விடுவோருக்கு இங்கே ஒரே பயம்தான். குடிவந்தவர் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் அறை கைவிட்டுப் போகும். அதனால் பதினோரு மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதுவார்கள். கடைசி நாளில் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, சாவியைத் தந்துவிட வேண்டும். மறுநாள் புது ஒப்பந்தம் எழுதி அவரே திரும்ப வரலாம்.

முதலில் மனைவியோடு குடிவந்தவர் காதர் அண்ணன். கடையநல்லூர்க்காரர், தோல்பை தைப்பவர். அப்போது நான் தலைப்பிரசவத்துக்காகச் செம்பூரிலிருந்து அம்மாவிடம் வந்திருந்தேன். ரேஷன் கார்டுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று அவர் கேட்க, அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சேதி தெருக்குழாய் வரை போயிற்று.

"கார்டுல ரூம் நம்பர் ஏறிட்டாம்லா? இனிமே நீங்கதான் அவருக்கு வாடகை குடுக்கணும் போல, அத்தை!" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

என் அண்ணன் மாட்டுங்காவிலிருந்து ஓடி வந்தார். கடிதத்தின் நகலைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"'நிரந்தரமாக வசிக்கிறார்'னு இருக்கும்மா! இது ஒண்ணு போதும் கோர்ட்டுக்கு. படிச்ச பிள்ள வீட்டுல இருக்கால்லா? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எனக்குத் தோணிச்சு, போட்டேன். பிள்ள தூங்குது, சத்தம் போடாதல" என்றார் அம்மா.

நான் குழந்தையை மடியில் போட்டபடி குனிந்தே இருந்தேன். அண்ணன் போனதும் அழுதேன்.

"ஏட்டி, இன்னும் எத்தனை தாளு நீ எழுதணும். இப்பவே உன் கை நடுங்கிட்டுன்னா எனக்கு யாரு எழுதுவா?" என்றார்.

பதினோராம் மாதம் முடியும் நாள் வந்தது. அண்ணன் இரண்டு நண்பர்களோடு வந்து வாசலில் நின்றார். அம்மா அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டார். பகல் முழுதும் எதிர்க்கதவு திறக்கவில்லை. எனக்குப் பால் சுரக்கவில்லை, குழந்தை வீறிட்டது. எதிர் அறையில் போய்க் கேட்கட்டுமா என்றேன்.

"கேட்டா, சந்தேகப்படுதோம்னு ஆயிரும். இரு" என்றார். ஆனால் அவரும் அன்று ஒரு வாய் சாப்பிடவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் காதர் அண்ணன் பட்டறையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"முதலாளி லீவு தரமாட்டேன்னுட்டான் பெரியம்மா. வாசல்ல ஆளுக நின்னதைப் பாத்து, சாமானை வெளிய வீசத்தான் வந்திருக்காகன்னு பயந்துக்கிட்டு, உள்ள பூட்டிட்டு இருந்திருக்கா இவ!"

பெட்டி, ஸ்டவ், தையல் மெஷின் எல்லாம் எங்கள் அறைக்கு வந்தன. சாவி அம்மாவின் உள்ளங்கைக்கு வந்தது. அப்போதுதான் அம்மா தண்ணீர் கேட்டார்.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் கஞ்சி காய்ச்சித் தந்தவர் காதர் அண்ணனின் மனைவி மரியம் மைனி. தோளில் தாங்கி டாக்ஸியில் ஏற்றியவர் காதர் அண்ணன். அவர்களுக்கும், மாட்டுங்காவிலிருந்து தினமும் வந்த அண்ணனுக்கும், உடனிருந்த தெருவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணா, அம்மாவுக்குத் தமிழில் பெயர் எழுதத் தெரியும், அவ்வளவுதான். 'நிரந்தரமாக' என்று அழகுக்காக எழுதியவள் நான். படித்துக் காட்டாமலே அவரிடம் நீட்டினேன். நீங்கள் திட்டியதெல்லாம் எனக்கு உரியது.

இந்த மாதம் மறுபடி பதினோராம் மாதம். காதர் அண்ணன் சாவியை என்னிடம் தந்துவிட்டார். புது ஒப்பந்தத் தாளை எழுதி வைத்திருக்கிறேன். வந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.