பத்தமடையில் நின்ற கார்

என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய வெளிநாட்டுச் சொகுசு காருக்குப் போன வருடம் வாரண்டி முடிந்தது. "கியர்பாக்ஸ் சரியில்ல அண்ணாச்சி. மாத்தணும்னா ரொம்பச் செலவாகும், பேசாம வித்துருங்க" என்றார் மெக்கானிக். நானும் கெஞ்சினேன். கணவருக்கு மனம் வரவில்லை. "இன்னும் ஒரு வருசம் ஓட்டுவோம்" என்று தள்ளிப்போட்டார்.

அம்பாசமுத்திரத்தில் இருந்த அவருடைய அக்காதான் தாயில்லாத அவரை வளர்த்தவர். ஒரு மதியம் அக்கா மகள் போனில் அழுதாள்: "மாமா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. ஒங்களயே கேக்காவ, சீக்கிரம் வாங்க."

உடனே பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். பத்தமடை தாண்டியதும் கியர் விழாமல் கார் நின்றுவிட்டது. "இந்தா, கிளம்பிரும்" என்று அவர் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் சாலையில் ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கண்களை மூடியிருந்தார்கள். "இப்பந்தான் மாமா... வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாவ" என்றாள் மகள். அவர் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

அந்த வாரமே காரைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது சொந்தத்தில் யாருக்காவது முடியவில்லை என்று தெரிந்தால், அடுத்த பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிடுகிறோம். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் மட்டும் அவர் இன்னும் ஏறவில்லை.