பதினேழு துண்டு

காய்கறிக் கடையில் யாராவது நின்று நலம் விசாரித்தால், ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘எக்கோ அக்கா’ என்று கூப்பிடும் அவள் முதலில் அவர்களுடைய இடப்பக்க நெஞ்சைத்தான் பார்ப்பாள். முகம் அவளுக்கு மனதில் நிற்பதில்லை. “சட்டையைக் கழட்டிட்டுப் படுத்தாருன்னா யாருன்னு சொல்லிடுவேன்” என்பாள். பையோடு கூட வந்த கணவர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார். “கடையில நின்னு பேசுற பேச்சா இது?”

அவள் வேலை பார்ப்பது எக்கோ எடுக்கும், வெளிச்சம் குறைந்த ஒரு சின்ன அறையில். ஒலியலையை அனுப்பித் திரையில் இதயத்தை வரவழைப்பாள். உடம்புக்கெல்லாம் ரத்தத்தைத் தள்ளும் இதய அறையின் சுவரை இயந்திரம் பதினேழு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுருங்குகிறது என்று ஒரு வட்டப் படமாகக் காட்டும். சுறுசுறுப்பான துண்டு அடர்சிவப்பு. சுணங்குகிற துண்டு வெளிறியிருக்கும். “மொத்தமாப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். ஓரமா ஒருத்தன் மட்டும் வேலை செய்யாம கூட்டத்தோட நிப்பான். அவனைப் பிடிக்கணும்.”

இருபத்திரண்டு வருடமாக ஊரார் நெஞ்சையெல்லாம் பார்த்தவளுக்கு ஒரே ஒரு நெஞ்சு மட்டும் பார்க்கக் கிடைக்கவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அப்பா நாற்பத்தெட்டு வயதில், பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து போனவர். “பத்து நிமிஷம் வந்து படுங்களேன்” என்று அவள் கேட்காத மாதமில்லை. “திறந்து பாக்காத வரைக்கும் எல்லா லிஃப்டும் நல்லாத்தான் ஓடும்” என்பார் அவர். விடுமுறை மதியங்களில் அவர் கண்ணயர்ந்ததும் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவாள். ஒரு வரிகூட ஓடாது. ஏறி இறங்கும் பனியனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, “அடுத்து” என்றதும் கதவைத் திறந்துகொண்டு அவரே உள்ளே வந்தார். சட்டையில் கிரீஸ் கறை, கையில் டாக்டர் சீட்டு.

“என்ன, வீட்டுச் சாவியை மறந்துட்டீங்களா?”

“நாலாவது மாடி ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவை உக்காந்துட்டேன். டாக்டர்கிட்ட போனேன். இங்க அனுப்பினாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“இப்ப சொல்றேன்ல.”

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். திரையில் இதயம் வந்தது. கொஞ்ச நேரம் எதையும் அளக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருடத்து ஆசை! அவரைப் போலவே அலட்டிக்கொள்ளாமல் துடித்தது. பிறகு அளந்தாள். பதினைந்து சிவப்பு, கீழ் ஓரத்தில் இரண்டு வெளிறல். மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும் அதே இரண்டு.

டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். “நீங்க பிடிச்சது சரிதான்மா. நல்லவேளை, தசை கெட்டுப்போறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு. நாளைக்கே ஆஞ்சியோ பண்ணிடலாம். பயப்பட ஒண்ணுமில்ல.”

டாக்டர் போனதும் கணவர் திரும்பிப் படுத்து அவள் முகத்தைப் பார்த்தார். “அப்படி என்னத்தப் பாத்த இவ்வளவு நேரம்? உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

அவள் கருவியை ஓரமாக வைத்தாள். நெஞ்சில் பூசியிருந்த ஜெல்லைத் துடைக்காமல், அந்த ஈரத்தின் மேலேயே உள்ளங்கையைப் பதித்தாள். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். அவள் கையை எடுக்கவில்லை.