முதலிடத்தில் ஒரு பாம்பாட்டி

டிசம்பர் வந்துவிட்டால் சிட்னி வானொலிக்குக் கொஞ்சம் கழன்றுவிடும். வருடம் முழுவதும் காதலித்துக் கதறிய பாட்டுகளெல்லாம் ஒதுங்கி வழிவிடும். வெயில் கொளுத்தும் ஊரில் பனி கொட்டுவதாகவும், நாய்கள் சேர்ந்து குரைத்துப் பாடுவதாகவும், கிறிஸ்மஸ் தாத்தா கடற்கரையில் வழுக்கி விழுவதாகவும் பாட்டுகள் வந்து தரவரிசையில் ஏறும். ஜனவரியில் கேட்டால், வாங்கியவர்களே வாங்கவில்லை என்று சாதிப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இசைத்தட்டுக் கடையில் வாராவாரம் இலவசமாகக் கொடுக்கும் பாட்டு வரிசையைக் கொண்டுவந்து பிரிட்ஜில் ஒட்டி, எது ஏறியது, எது இறங்கியது என்று வீட்டாருக்கு அறிவிப்பது என் உத்தியோகம். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் முதலிடத்துக்கு வந்தது ஒரு பாம்பாட்டியின் பாட்டு. கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு வயிற்றுக் கோளாறு. அவருக்குப் பதிலாக இந்தியப் பாம்பாட்டி யானையில் ஏறிப் பரிசு கொடுக்கப் போகிறான். பாடியவர் வெள்ளைக்காரர். தொலைக்காட்சியில் முகத்துக்கு மண்ணிறச் சாயம் பூசிக்கொண்டு, சொற்களை உருட்டி உருட்டிப் பாடி, வரிக்கு வரி தலையை ஆட்டினார். எங்களைப் பற்றிய பாட்டு முதலிடத்தில் வந்துவிட்டதென்று நான் பூரித்துப்போனேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது சிட்னியின் புறநகரான செவன் ஹில்ஸில் எங்களோடு இருந்தார். பக்கத்துக் களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அதுவும் கூப்பிட்டால்தான் போகலாம். வேலை நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் இருந்த தன் மனைவியை, என் மாமியை, இங்கே கூப்பிட முடியும். புது வருடத்தில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்த நேரம் பார்த்து, வருட முடிவு விருந்தில் பாம்பாட்டிப் பாட்டை நீதான் பாடவேண்டும், உன்னை விட்டால் ஆளில்லை என்று சூப்பர்வைசர் மாமாவின் தோளில் தட்டியிருக்கிறார்.

மாமா அதைச் சிரித்துக்கொண்டுதான் வந்து சொன்னார்.

"ஏலாதெண்டு சொல்லலாம்தானே?" என்று அம்மா கேட்டாள். மாமா கை கழுவப் போய்விட்டார்.

பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வானொலியிலிருந்து பாட்டைக் கசெட்டில் பதிந்து, வரி வரியாகப் போட்டு நிறுத்தினேன். மாமாவின் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைப்பதுபோல் மெதுவாகப் பேசுவார். பாட்டுக்கு அது சரிவரவே இல்லை.

"மாமா, அப்பிடியில்லை. எங்கட ஆக்கள் இங்கிலீஷ் கதைக்கிற மாதிரிக் கதைக்கோணும்."

"நான் அப்பிடித்தானே பிள்ளை கதைக்கிறன்?"

எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒருவர்கூட அந்தப் பாம்பாட்டியைப்போலப் பேசியதில்லை. அது எனக்கு உறைக்கவில்லை. வானொலிப் பாட்டில் நாங்கள் அப்படித்தான் பேசினோம். ஆகவே மாமாதான் பிழையாகப் பேசுகிறார். நாக்கை எங்கே மடிப்பது, தலையை எப்போது ஆட்டுவது என்று பாடாய்ப் படுத்தினேன். மாமா குளிக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

விருந்துக்குக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். முற்றமெல்லாம் இறைச்சி வாட்டும் புகை. பெட்டி அடுக்கும் மரத்தட்டுகளைச் சேர்த்துப் போட்டதுதான் மேடை. குளியல் துவாயைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு மாமா ஏறினார். அதற்குமுன் அவர் தலைப்பாகை கட்டியது தன் கல்யாணத்தன்றுதான். நான் முன்னால் நின்று வாயசைத்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு சொல் பிசகவில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், இன்னொரு முறை என்று கத்தினார்கள். மாமா இன்னொரு முறையும் பாடினார். இறங்கி வந்ததும், இவர் என் மாமா என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்பதற்காக ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் கை சில்லிட்டிருந்தது.

ஜனவரியில் பாட்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மாமாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. பாட்டுக்காகவா, உழைப்புக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் அது தெரிந்திருக்காது என்பதை நினைத்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். மாமா தொலைபேசியை வாங்கி, பாம்பாட்டியின் குரலில் பதில் சொல்லத் தொடங்கினார். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதை அந்தக் குரலிலேயே கேட்டார். சரி என்பதையும் அந்தக் குரலிலேயே சொன்னார். மறுமுனையில் சிரிப்பது எனக்கே கேட்டது. பார்க்க யாருமில்லாமலே மாமாவின் தலை ஆடியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, மாமா இப்ப வடிவாக் கதைக்கிறார்!"

அம்மா என்னையும் பார்க்கவில்லை, மாமா நின்ற பக்கமும் பார்க்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டுச் சும்மா நின்றாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக விளங்காது, அதனால்தான் சிரிப்பு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.